ஆளுநரும் ஆலயமும் அங்காடியும்

கி.பி. 112ஆம் ஆண்டை ஒட்டிக் கருங்கடலின் தென்கரையிலிருந்து உரோமை நகருக்கு ஒரு கடிதம் சென்றது. எழுதியவர் பித்தினியா-போந்து மாநிலத்தின் ஆளுநர் பிளினி. பெற்றவர் பேரரசர் டிராஜன். கிறித்தவர்களைப் பற்றி உரோமை அதிகாரி ஒருவர் எழுதி நம் கைக்குக் கிடைத்துள்ள கடிதங்களுள் இதுவே மிகப் பழையது. திருச்சபை வரலாறு எழுதுவோர் எவரும் இதைத் தொடாமல் சென்றதில்லை. குறித்ததொரு நாளில் அவர்கள் விடியுமுன் கூடினர், கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு மாறி மாறிப் பாடினர் என்னும் செய்தியை நம்மில் பலர் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்போம். ஆனால் அதே கடிதத்தின் கடைசிப் பகுதியில், படிப்போர் எளிதில் தாண்டிச் சென்றுவிடும் ஒரு வரி உண்டு. பலியிட்ட விலங்கின் இறைச்சி மீண்டும் விலைபோகத் தொடங்கிவிட்டது, இதுவரை அதை வாங்குவோர் அரிதாகவே இருந்தனர் என்று ஆளுநர் மனநிறைவோடு தெரிவிக்கிறார். அறிஞருள் சிலர் அவ்விடத்தில் இறைச்சி என்று படிப்பர். வேறு சிலர் பலி விலங்குக்கான தீவனம் என்று படிப்பர். எவ்வாறு படித்தாலும் அங்கே பேசப்படுவது சந்தை நிலவரமே.

சமயக் குற்றம் ஒன்றை விசாரிக்கச் சென்ற அதிகாரி, தம் வெற்றிக்குச் சான்றாகக் கறிக்கடையை ஏன் காட்ட வேண்டும்?

பலி என்றவுடன் பீடத்தின் முன் நிகழும் ஒரு சடங்கை மட்டும் நாம் எண்ணிக்கொள்கிறோம். கிரேக்க, உரோமை நகரங்களில் அது ஒரு பெரிய பொருளாதார ஏற்பாடு. காளையும் ஆடும் பன்றியும் வளர்ப்போர் ஒரு புறம்; அவற்றுக்குத் தீவனம் விற்போர் ஒரு புறம். மாலை தொடுப்போர், திராட்சை இரசம் விற்போர், சாம்பிராணி வணிகர், விறகு கொணர்வோர், விலங்கை வெட்டிக் கூறுபோடும் தொழிலாளர் என்று ஒரு கோவிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. எலும்பும் கொழுப்பும் தெய்வத்துக்கு எரிக்கப்படும். குருக்களுக்கு உரிய பங்கு போக, எஞ்சியது விருந்தாகும்; விருந்துக்கும் மிஞ்சியது அங்காடிக்குப் போகும். கொரிந்து நகரத்துக் கிறித்தவர்களுக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தில், சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றி அவ்வளவு நீண்ட விளக்கம் வருவதற்கு இதுவே காரணம். கறிக்கடையில் வாங்கும் துண்டு எந்தப் பீடத்திலிருந்து வந்தது என்று வாங்குவோருக்குத் தெரியாது. மனச்சான்று கருதிக் கேள்வி எழுப்பாமல் வாங்கி உண்ணலாம் என்கிறார் பவுல். இது படையல் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர் பொருட்டு உண்ணாதிருக்கச் சொல்கிறார். பித்தினியாவில் பலர் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டனர் போலும். கடையில் இறைச்சி தேங்கிவிட்டது.

எபேசு நகரத்தில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இதன் ஒத்திகை நடந்துவிட்டது. அர்த்தமி தேவதையின் வெள்ளிக் கோவில்களைச் செய்து விற்ற தெமேத்திரியு தன் தொழிலாளரைக் கூட்டி, நம் வருவாய் இத்தொழிலால் வருகிறது என்று தொடங்கி, தேவதையின் மாண்பு குலைகிறது என்று முடித்ததைத் திருத்தூதர் பணிகள் நூலில் காண்கிறோம். முதலில் வருவாய், பிறகு மாண்பு. ஆனால் தெமேத்திரியுவை வெறும் பேராசைக்காரனாகக் காண்பது அவனுக்கு நீதி செய்வதாகாது என்பது என் எண்ணம். அவன் உலகில் அவை இரண்டும் ஒன்றே. எபேசின் அர்த்தமி கோவில் பணக் காப்பகமாகவும் விளங்கியது. எபேசியரும் அயலாரும் அரசரும் நகரங்களும் தம் பணத்தை அங்கே வைத்துப் பாதுகாத்தனர், தேவைப்பட்டபோதும் அதில் கை வைக்க எவரும் துணியவில்லை என்று தியோன் கிறிசோஸ்தோம் என்னும் நாவலர் கூறுகிறார். (ஆயரும் மறைவல்லுநருமான புனித கிறிசோஸ்தோம் அல்லர் இவர், பொன்வாய் என்னும் அதே பட்டம் பெற்ற பழைய உலகத்து அறிஞர், பித்தினியாவின் புரூசா நகரத்தவர்.) எபேசுக் கலகத்தை அடக்கியது யார்? நகர எழுத்தர். நீதிமன்றங்கள் திறந்திருக்கின்றன, ஆட்சியரும் இருக்கின்றனர், இக்கூட்டத்துக்கு நாமே கணக்குக் கொடுக்க நேரிடும் என்று அவர் எச்சரித்தார். ஆலயம், அங்காடி, அரசு என்னும் மூன்றும் ஒரே திறந்தவெளி அரங்கில் சந்தித்த நாள் அது.

பிளினிக்கு இந்த உறவு புதிதன்று. வடஇத்தாலியாவின் கோமோ நகரத்தில் பிறந்தவர், கி.பி. 79இல் வெசூவியு எரிமலை வெடித்தபோது இறந்த மூத்த பிளினியின் தங்கை மகன். அவருடைய உயிலின் வழியே மகனாக ஏற்கப்பட்டவர். உரோமை அரசின் பொதுக் கருவூலத்தைச் சில ஆண்டுகள் அவர் நிருவகித்தார். அந்தக் கருவூலம் இருந்த இடம் சனித்தெய்வத்தின் கோவில். உரோமையில் நெடுங்காலம் நாணயம் அடித்ததும் யூனோ மொனேத்தா என்னும் தெய்வத்தின் கோவிலை அடுத்த இடத்தில்தான். மேனாட்டு மொழிகள் பலவற்றில் பணத்தைக் குறிக்கும் சொல் அத்தெய்வத்தின் பெயரிலிருந்து பிறந்தது. பேரரசர் அரசின் தலைவர் மட்டும் அல்லர், தலைமைக் குருவும் அவரே. பிளினியும் பறவைக்குறி பார்க்கும் குருக்குழாமில் இடம் பெற்றிருந்தார். அவருடைய பண்ணை நிலத்தில் தானியத் தாயாகிய செரஸ் தெய்வத்தின் பழைய கோவில் ஒன்று இருந்தது. செப்டம்பர் 13ஆம் நாள் சுற்றுவட்டார மக்கள் அனைவரும் அங்கே திரள்வர். நேர்ச்சைகளும் நடக்கும், கொடுக்கல் வாங்கலும் நடக்கும். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடமில்லை என்பதால் கோவிலைப் புதுப்பித்து, மக்களுக்கு ஒரு தாழ்வாரமும் கட்டித் தர விரும்புவதாக அவர் கட்டடக் கலைஞர் ஒருவருக்கு எழுதுகிறார். தேர்த்திருவிழாவையும் அதையொட்டிய கடைவீதியையும் அறிந்த நமக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை.

இத்தகைய மனிதரை டிராஜன் பித்தினியாவுக்கு அனுப்பியது கிறித்தவர்களைத் தேடிப் பிடிக்க அன்று, கணக்குப் பார்க்க. மாநிலத்தின் நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பொதுப் பணத்தை வீணடித்திருந்தன. நிக்கொமேதியா நகரத்தார் ஒரு நீர்க்கால்வாய்க்கு 33,18,000 செஸ்டர்ஸ் செலவிட்டு, முடிக்காமலே விட்டு, இடித்தும் விட்டனர். இன்னொன்றுக்கு 2,00,000 செலவிட்டு அதையும் கைவிட்டனர். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியம். திராட்சைத் தோட்ட வேலையாள் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்று படிக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்கில் எட்டு இலட்சம் நாள் கூலிக்கும் மேற்பட்ட பணம் ஒரு சொட்டு நீர் தராமல் போயிற்று. நிக்கேயா நகரத்தில் ஒரு கோடிக்கு மேல் விழுங்கிய நாடக அரங்கு, முடியுமுன்பே வெடித்து மண்ணில் புதைந்துகொண்டிருந்தது. பின்னாளில் முதற்பொதுச் சங்கம் கூடி விசுவாச அறிக்கை வகுத்த அதே நிக்கேயா.

பிளினி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். மாநிலத்திலிருந்து அவர் எழுதியவையும் டிராஜன் அளித்த மறுமொழிகளும் நூற்றுக்கு மேல் எஞ்சியுள்ளன. நிக்கொமேதியாவை அடுத்த ஏரியில் சலவைக்கல்லும் விளைபொருளும் விறகும் மரமும் குறைந்த செலவில் படகேறி வருகின்றன. அங்கிருந்து கடலுக்கு மட்டும் வண்டியில் பெரும்பாடுபட்டுக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது, ஏரியைக் கடலோடு இணைக்கக் கால்வாய் வெட்டலாமா என்று கேட்கிறார். பொதுப் பணம் வட்டிக்கு வாங்குவாரின்றிக் கிடக்கிறது, நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு எவரும் வரவில்லை, நகர மன்றத்தாரைக் கட்டாயப்படுத்தி வாங்கச் செய்யலாமா என்று கேட்கிறார். வட்டியைக் குறையுங்கள், விரும்பாதவர் தலையில் கடனைச் சுமத்துவது நம் காலத்தின் நீதிக்குத் தகாது என்பது டிராஜனின் மறுமொழி. இந்த இறுதிச் சொற்றொடரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிக்கொமேதியாவில் புதிய சந்தைவெளி கட்டும்போது, இடையூறாக நின்ற மாதெய்வத்தின் பழங்கோவிலை இடம் மாற்றலாமா என்றும் ஒரு கேள்வி. அயல் நகரத்து மண்ணுக்கு உரோமைச் சட்டப்படி அர்ப்பணிப்பு இல்லை, தயக்கமின்றி மாற்றுங்கள் என்கிறார் தலைமைக் குருவுமான பேரரசர். வட்டாரத் தெய்வங்களைப் பற்றி உரோமைக்கு இருந்த பற்று அவ்வளவே. ஆனால் அப்பற்றுக்கு அப்பால் வேறோர் அச்சம் இருந்தது.

அந்த அச்சத்தை ஒரு தீவிபத்து நமக்குக் காட்டுகிறது. நிக்கொமேதியாவில் பெருந்தீ மூண்டு பல வீடுகளையும், முதியோர் மன்றத்தையும், தெருவுக்கு அப்பாலிருந்த இசிஸ் கோவிலையும் அழித்தது. மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தனர். ஊருக்கென்று ஒரு நீர்ப்பீச்சியோ ஒரு வாளியோ இல்லை. நூற்றைம்பது பேருக்கு மிகாமல் கைவினைஞர் சங்கம் ஒன்றைத் தீயணைப்புக்காக அமைக்கலாமா, தொழிலாளரைத் தவிரப் பிறர் சேராமல் நானே பார்த்துக்கொள்வேன் என்று பிளினி கெஞ்சாத குறையாகக் கேட்டார். டிராஜன் மறுத்துவிட்டார். அந்த மாநிலத்தைக் கலக்கியவை இத்தகைய சங்கங்களே. எந்தப் பெயரில், எந்தக் காரணத்துக்காகக் கூடினாலும் விரைவில் அரசியற் கும்பலாகிவிடும். தீயணைக்கும் கருவிகளை வாங்கி வையுங்கள், போதும் என்றார். வீடு எரிந்தாலும் மனிதர் கூடக் கூடாது. அவர் அச்சம் முற்றிலும் கற்பனையும் அன்று. நாம் மேலே கண்ட தியோன், புரூசாவில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது தம் வீட்டை எரிக்கவும் தம்மைக் கல்லெறிந்து கொல்லவும் கூட்டம் திரண்டு வந்ததைத் தம் சொற்பொழிவு ஒன்றில் விவரிக்கிறார். விலை ஏறினால் தெரு கொதிக்கும். கொதிப்பவர் சங்கமாக இணைந்திருந்தால் ஆளுநருக்கு உறக்கம் இராது. ஆகவே சங்கங்களைத் தடைசெய்து பிளினி ஆணை பிறப்பித்தார். போந்துப் பகுதியின் ஆமிசு நகரம் உடன்படிக்கையால் தன்னுரிமை பெற்றிருந்தமையால் அங்கே மட்டும் உதவிக்குழுக்கள் விடப்பட்டன. அதுவும், திரட்டும் பணம் கலகத்துக்கன்றி ஏழைகளின் பொருட்டுச் செலவாகும்வரை.

இந்தப் பின்னணியில்தான் கிறித்தவர்கள் அவர்முன் கொண்டுவரப்பட்டனர். நீங்கள் கிறித்தவர்களா என்று மும்முறை கேட்டார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் மரண தண்டனையைச் சொல்லி அச்சுறுத்திக் கேட்டார். ஆம் என்று நிலைத்து நின்றவர்களைக் கொல்லக் கொண்டுபோகச் செய்தார். உரோமைக் குடியுரிமை உடையவர்களைத் தலைநகருக்கு அனுப்பக் குறித்துக்கொண்டார். வழக்கு நடக்க நடக்கக் குற்றச்சாட்டுகள் பெருகின. பெயர் போடாத ஒரு மனு வந்தது; அதில் பலருடைய பெயர்கள் இருந்தன. அதில் கண்டவர்களை அழைத்துச் சோதித்தார். தெய்வங்களின் சிலைகளோடு டிராஜனின் உருவத்தையும் கொணரச் செய்து, அதன்முன் சாம்பிராணியும் திராட்சை இரசமும் படைத்துக் கிறிஸ்துவைப் பழித்தோர் விடுவிக்கப்பட்டனர்.

அந்த ஒரு சிட்டிகைச் சாம்பிராணியைச் சற்றே பின்தொடர்வோம். அது தென் அரேபியாவில் மரத்தைக் கீறி எடுத்த பிசின். சபோத்தா என்னும் நகரத்துக்கு ஒட்டகத்தில் வரும்; அங்கே சாபிஸ் என்னும் தெய்வத்தின் பெயரால் குருக்கள் பத்தில் ஒரு பங்கை, நிறுத்தன்று, அளந்து எடுத்துக்கொள்வர். அதற்கு முன் எவரும் விற்கக் கூடாது. பிறகு அரசனுக்கு வரி. எழுத்தர், காவலர், வாயிற்காப்போர் ஆகியோருக்குப் பங்கு. வழியெங்கும் தண்ணீருக்குப் பணம், தீவனத்துக்குப் பணம், தங்குவதற்குப் பணம். மத்தியதரைக் கடற்கரை சேருமுன் ஓர் ஒட்டகத்துக்கு 688 தெனாரியம் செலவாகிவிடும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார் மூத்த பிளினி. அதன் மேல் உரோமைக்குச் சுங்கம் வேறு. உயர்ந்த இரகம் ஒரு இராத்தல் 6 தெனாரியம். நம் கடற்கரையிலிருந்து சென்ற கருமிளகோ 4 தெனாரியம். இந்தியா, சீனம், அரேபியா ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்சைப் பேரரசிலிருந்து உறிஞ்சிவிடுகின்றன என்று அவர் புலம்பியது பலரும் அறிந்ததே. முசிறியிலிருந்து சரக்கு ஏற்றிய எர்மபொல்லோன் என்னும் கப்பலைப் பற்றிய கிரேக்க ஏடு ஒன்று வியன்னாவில் உள்ளது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கீழைச் சரக்குக்கு அரசு நான்கில் ஒரு பங்கு வரி எடுத்ததை அதில் காணலாம். தெய்வத்துக்குத் தசமபாகம், மன்னனுக்கு வரி, வணிகனுக்கு ஆதாயம், பேரரசுக்குச் சுங்கம் என எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வந்த பொருள் அது. பேரரசரின் உருவத்துக்குமுன் அதைத் தூவ மறுப்பவன் எத்தனை பேருடைய ஒழுங்கை மறுக்கிறான் என்பதை ஆளுநர் உணர்ந்தே இருந்தார்.

மறுதலித்தவர்கள் சொன்ன செய்தி அவரைக் குழப்பியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னரும், சிலர் இருபது ஆண்டுகளுக்கு முன்னரும் விலகிவிட்டதாகக் கூறிய அவர்கள், தாங்கள் செய்த குற்றம் இவ்வளவே என்றனர்: விடியுமுன் கூடிப் பாடியது, உறுதிமொழி எடுத்தது, கலைந்துபோய் மீண்டும் கூடி எல்லோரும் உண்ணும் எளிய உணவை உண்டது. உறுதிமொழியின் பொருளைக் கவனிக்க வேண்டும். களவு செய்வதில்லை, வழிப்பறி செய்வதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கைத் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்கும்போது மறுப்பதில்லை. ஐந்தில் கடைசி இரண்டும் வணிகர் நாவில் பழகிய சொற்கள். கடற்பயணம் போகிறவன் தன் பணத்தைக் கோவிலில் வைத்ததற்குக் காரணம், தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற அச்சம். இங்கே கடைத்தெருவின் எளிய மனிதர் சிலர், பீடமும் சிலையும் இன்றித் தமக்குள்ளேயே அந்த நம்பிக்கையை நிறுவிக்கொண்டனர். போந்துப் பகுதிக் கிறித்தவருள் தொழில் செய்வோரும் வணிகரும் இருந்தனர் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. பவுலோடு கூடாரத் தொழில் செய்த அக்கிலா போந்து நாட்டவர். பின்னர், தவறான போதனைக்காக உரோமைத் திருச்சபையிலிருந்து கி.பி. 144இல் விலக்கப்பட்ட மார்சியோன், சினோப்புத் துறைமுகத்துக் கப்பல் உரிமையாளர். அவர் முன்பு நன்கொடையாகத் தந்திருந்த 2,00,000 செஸ்டர்சை உரோமைச் சபை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஆளுநரின் தடையாணைக்குப் பிறகு அந்தப் பொது உணவையும் நிறுத்திவிட்டோம் என்றனர் விசாரிக்கப்பட்டோர். ஆக, தீயணைப்புச் சங்கத்துக்கு இட்ட தடை அன்பு விருந்தின்மேலும் விழுந்திருக்கிறது.

இந்த வாக்குமூலம் மெய்தானா என்று அறியப் பிளினி செய்தது, அவரை விரும்பிப் படிக்கும் எவரையும் நோகச் செய்யும். திருப்பணியாளர் என்று சபையில் அழைக்கப்பட்ட இரு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்தார். அடிமையின் சாட்சியம் வதையின் வழியே பெறப்பட்டால்தான் செல்லும் என்பது உரோமை வழக்கம்; ஆகவே அவர் சட்டத்தை மீறவில்லை. இதே பிளினி, தம் வீட்டு அடிமைகள் நோயால் இறந்தபோது மனம் உடைந்து நண்பருக்கு எழுதியிருக்கிறார். சட்டத்தில் இடமில்லாதிருந்தும், சாகும் அடிமைகள் தம் உடைமையை வீட்டிலுள்ளோருக்கு உயில் எழுத அவர் அனுமதித்தார். அந்த உயில்களைத் தாமே நிறைவேற்றினார். அத்தகைய மனிதர்தாம் இந்த இரு பெண்களை வதைக்கு அனுப்பினார். அவர்களிடமிருந்து அவர் கண்டறிந்தது என்ன? அளவுகடந்த, கோணலான மூடநம்பிக்கை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்று எழுதுகிறார். அதாவது குற்றம் ஏதும் இல்லை. சதி இல்லை, நரபலி இல்லை, களவு இல்லை. ஏற்கெனவே சிலரைக் கொன்றாயிற்று. வதையிலிருந்து அப்பெண்கள் உயிரோடு மீண்டனரா என்று கடிதம் சொல்லவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகப் படிக்கப்பட்டு வரும் அந்தக் கடிதத்தில் அவர்கள் பெயரும் இல்லை.

அதன் பிறகே அவர் விசாரணையை நிறுத்தி, பேரரசரைக் கலந்தார். எல்லா வயதினரும் எல்லா நிலையினரும் ஆண்களும் பெண்களும் இதில் சிக்கியுள்ளனர், நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் வயல்வெளிகளிலும் இத்தொற்று பரவியுள்ளது, ஆயினும் குணப்படுத்த முடியும் என்றார். நாம் தொடக்கத்தில் கண்ட சான்று இங்கேதான் வருகிறது. வெறிச்சோடிய கோவில்களுக்கு மக்கள் வருகின்றனர், நின்றுபோன சடங்குகள் தொடங்கிவிட்டன, இறைச்சி விலைபோகிறது. கணக்கு அதிகாரிக்குப் பழக்கமான அளவுகோல் அது. பெயரில்லா மனுவை எழுதியவர் யார் என்பதைச் சான்றோடு நிறுவ இயலாது. ஆனால் இறைச்சி விற்பனை வீழ்ந்ததை ஆளுநருக்கு யாரோ எடுத்துரைத்திருக்கின்றனர். நட்டமடைந்தவரைத் தவிர வேறெவருக்கு அது கண்ணில் பட்டிருக்கும்? வரலாற்றாசிரியர் சிலர் இவ்வாறே கருதுகின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. பேரரசு ஒரு மதத்தை ஒழிக்கத் திட்டமிட்டு வந்த கதையன்று இது. கடைக்காரரின் முறையீடும் ஆளுநரின் சங்க அச்சமும் ஓரிடத்தில் சந்தித்தபோது, நடுவில் நின்றவர்கள் நசுங்கினர்.

டிராஜனின் மறுமொழி சுருக்கமானது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதி வகுக்க இயலாது. அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டா. குற்றம் சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்க வேண்டும். மறுதலித்து நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால், பழைய ஐயம் எதுவாயினும் மன்னிக்கலாம். பெயரில்லா மனுக்களை எந்த வழக்கிலும் ஏற்கக் கூடாது. அது மிகத் தீய முன்மாதிரி, நம் காலத்துக்கு ஒவ்வாதது. கடனைக் கட்டாயமாகச் சுமத்தாதீர் என்றபோது வந்த அதே கருத்து இங்கும் வருகிறது. பெயரில்லா மனுவைத் தள்ளியது பெரிய நீதி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் மறுமொழியின் நடுவிலுள்ள முரணைக் கி.பி. 197ஐ ஒட்டிக் கார்த்தேசு நகரத்துத் தெர்த்துல்லியன் பிடித்துக்கொண்டார். குற்றவாளிகளென்றால் ஏன் தேடுவதில்லை? குற்றமற்றவர்களென்றால் ஏன் தண்டிப்பது? சட்டம் படித்தவரின் வாதம் அது. நேரடியாகப் பதில் சொல்ல எவராலும் முடியவில்லை.

டிராஜனின் விதி நடைமுறையில் எதைக் குறித்தது? கிறித்தவரின் உயிர் இனி அண்டை வீட்டாரின் கையில். அரசு தேடாது, ஆனால் கடனில் பிணக்குக் கொண்டவரோ, கடையில் போட்டியுள்ளவரோ, பலிவிழாவுக்குச் சந்தா கேட்டு ஏமாந்தவரோ பெயரைப் போட்டு ஒரு மனு கொடுத்தால் போதும். பின்வந்த பேரரசர் ஆட்ரியன் ஆசிய மாநில ஆட்சியருக்கு எழுதிய ஆணையில், கூச்சலிட்டுக் கேட்பதை ஏற்காதீர், சட்டத்துக்கு மாறானதை மெய்ப்பிக்கச் சொல்லுங்கள், பொய்க்குற்றம் சாட்டுவோரைத் தண்டியுங்கள் என்று சொல்ல நேர்ந்தது. அத்தகைய குற்றச்சாட்டுகள் பெருகியிருந்தன என்பதை அந்த ஆணையே காட்டுகிறது.

பிளினியின் மடல்கள் திடீரென நின்றுவிடுகின்றன. மாநிலத்திலேயே அவர் இறந்திருக்கலாம் என்பர். டிராஜனோடு அவர் நடத்திய மடற்போக்குவரத்து முழுவதும் கி.பி. 1500ஐ ஒட்டிப் பாரிசு நகரத்தில் கிடைத்த ஒரே கையெழுத்துப் படியால் நமக்கு வந்தது. 1502இலும் 1508இலும் அது அச்சேறியது. அந்தப் படி பின்னர் மறைந்துபோயிற்று. அச்சு நூலில் கிறித்தவர் பற்றிய மடலையும் மறுமொழியையும் அடுத்து நிற்பது, கருங்கடற்கரையின் அமாஸ்திரி நகரத்தைப் பற்றியது. அழகிய நகரம், நீண்ட சிறந்த தெரு. தெருவை ஒட்டி ஆறு என்ற பெயரில் ஒரு சாக்கடை ஓடுகிறது, காணவும் சகிக்கவில்லை, நாற்றமும் பொறுக்கவில்லை, மேலே மூடிவிடலாமா, பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஆளுநர் கேட்கிறார். உடல்நலத்துக்குக் கேடு என்றால் மூடிவிடுங்கள் என்று பேரரசர் இசைவு அளிக்கிறார்.